ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி: நெல்லைப் பக்கத்து ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் அக்கா மகள் நானூறு மீட்டர் ஓடுகிறவள். முக்கூடல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, இப்போது சென்னையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பி.காம். படிக்கிறாள். கல்லூரிக் கட்டணம் கிடையாது, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கிடையாது. ஓடுவது அவள் வேலை. சான்றிதழ் சேர்ப்பது, கையெழுத்து வாங்குவது, கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசுவது எல்லாம் மாமாவாகிய என் வேலை என்று ஆகிவிட்டது. எங்கே போய் யாரைக் கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் நிறைய அலைந்தோம். அடுத்து வருகிற பிள்ளைகள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினால் கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வருவார்கள் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. தேசிய அளவில் ஜெயித்த ஒருசிலருக்கு அது நடக்கும். மற்றவர்கள் நாமாகப் போய்த்தான் கேட்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு போனால் பெரும்பாலும் இடம் முடிந்திருக்கும்.

1. இட ஒதுக்கீடு வேறு, ஸ்காலர்ஷிப் வேறு

இரண்டையும் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்றே சொல்வதால், ஒன்றென்று நினைத்துக் குழம்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

அரசு தருவது இட ஒதுக்கீடு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடங்கள்; அதற்கு நீட் தேர்ச்சியும் வேண்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் விளையாட்டு வீரர்களுக்குச் சிறப்புப் பிரிவில் இடம் உண்டு. இதில் எல்லாம் உங்களுக்குக் கிடைப்பது சீட் மட்டும்தான். கட்டணத்தை மற்ற மாணவர்களைப் போலவே கட்ட வேண்டும்.

ஸ்காலர்ஷிப் என்பது கல்லூரி தன் கையிலிருந்து தருவது. தனியார் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் தங்கள் அணிக்கு ஆள் சேர்க்க, கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. சிலருக்குப் படிப்புக் கட்டணம் மட்டும், சிலருக்குப் பாதி, சிலருக்கு விடுதி, சாப்பாடு, ஷூ, ஸ்பைக்ஸ் (ஆணி ஷூ) வரை எல்லாம். இதற்கு அரசு விதி என்று எதுவும் கிடையாது. அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரும் நிர்வாகமும் பேசி முடிவு செய்வதுதான்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு எது வேண்டும் என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இன்ஜினியரிங்தான் வேண்டும், கட்டணத்தை எப்படியாவது சமாளிக்கலாம் என்றால் கலந்தாய்வு வழி. ஒரு ரூபாய்கூடக் கட்ட முடியாது என்றால் கல்லூரி ஸ்காலர்ஷிப் வழி. இரண்டிலும் சேர்த்தே முயற்சி செய்யலாம், தப்பில்லை. ஆனால் எது எது என்று தெரிந்து செய்யுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் மறக்க வேண்டாம். அதில் பொறியியல் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கட்ஆஃப் நன்றாக இருந்தால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவைவிட இதுவே லாபமாக இருக்கலாம். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும்.

2. பிளஸ் ஒன்னிலேயே தொடங்குங்கள்

நம் பக்கத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ வந்ததும் பிள்ளைகளைக் கிரவுண்டுக்கு விடுவதைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் பலருடைய நல்ல டைமிங் பிளஸ் ஒன்னில் ஓடியதாகவே இருக்கும். அந்த வருடத்துச் சான்றிதழ்களைச் சரியாக வாங்கி வைத்தால்தான் பிறகு கையில் ஏதாவது இருக்கும்.

காலக்கணக்கு ஏறத்தாழ இப்படிப் போகும். பிளஸ் டூ வருடம் டிசம்பருக்குள் கல்லூரிகளின் பெயர்களைக் குறித்துவிட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் உடற்கல்வி இயக்குநர்களிடம் பேச வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் தனியார் கல்லூரிகளில் செலக்ஷன் டிரையல்ஸ். மே முதல் பாதியில் ரிசல்ட் வரும். அதே நேரத்தில் பொறியியலுக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் ஆன்லைன் பதிவு தொடங்கிவிடும். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் அரசு கலைக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடக்கும். பொறியியல் சிறப்புப் பிரிவு ஜூலையில் வரும்.

தேர்வு முடிந்த கையோடு டிரையல்ஸ் வருகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து படித்துவிட்டு நேராகப் போய் ஓடினால் டைமிங் வராது. மார்ச்சிலும் வாரம் மூன்று நாள் காலையில் முக்கால் மணி நேரமாவது ஓடட்டும். மார்க் குறைந்துவிடும் என்று பயப்படும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: அந்த முக்கால் மணி நேரத்தால் யாருக்கும் மார்க் குறைவதில்லை.

3. எந்தப் போட்டி கணக்கில் வரும், எது வராது

பள்ளிக் கல்வித்துறை நடத்தும் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள்தான் நமக்கு அடிப்படை. குறுவட்டம், அப்புறம் வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். மாநிலத்தில் தேர்வானால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. இது பள்ளி வழி.

இன்னொன்று சங்க வழி. மாவட்டத் தடகளச் சங்கம், தமிழ்நாடு தடகளச் சங்கம், இந்தியத் தடகளக் கூட்டமைப்பு என்று மேலே போகும். இங்கே 16, 18, 20 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். பள்ளியில் இருப்பது 14, 17, 19. இரண்டும் வேறு வேறு என்பதால், ஒரு பிள்ளை பள்ளிப் போட்டியில் பெரியவர்களோடு ஓட வேண்டியிருக்கும் அதே வருடம் சங்கப் போட்டியில் சின்னப் பிரிவில் ஓடலாம். பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, முதலமைச்சர் கோப்பை. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய், இரண்டாவது 75,000, மூன்றாவது 50,000. ஒரு விவசாயக் கூலி வீட்டுக்கு இந்தப் பணம் எவ்வளவு பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதிவுக்கான கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். விவரம் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கிடைக்கும்.

இப்போது பெரிய எச்சரிக்கை. யாராவது வந்து, "தேசியப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போறோம், கோல்டு மெடல் நிச்சயம், நுழைவுக் கட்டணமும் டிராவலும் மட்டும் கட்டுங்க" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெயரில் இந்தியா, தேசியம், ஒலிம்பிக், ஃபெடரேஷன் என்று எல்லாம் இருக்கும். டி-ஷர்ட்டில் தேசியக்கொடிகூட இருக்கும். ஒரு போட்டிக்குப் பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கும் ஏதோ ஒரு பதக்கம். அங்கீகாரம் இல்லாத அமைப்பு என்றால் அந்தச் சான்றிதழைச் சேர்க்கைக் குழு கையில் வாங்கிக்கூடப் பார்க்காது. எங்கள் ஊரிலேயே இரண்டு வீட்டில் நகையை அடகு வைத்து இதற்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாக ஓடக்கூடியவர்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

சோதிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. அந்தப் போட்டிக்குப் போக மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு என்று ஏதாவது நடந்ததா என்று கேளுங்கள். தேர்வே இல்லாமல் பணம் கட்டியவர்கள் எல்லாரும் போகலாம் என்றால் அது உங்களுக்கு வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளரைப் பார்த்துக் கேளுங்கள்.

4. டைமிங்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்

முதன்முதலாக ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரைப் பார்க்கப் போனபோது, பதக்கங்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டு போயிருந்தோம். அவர் பையைத் திறக்கவே இல்லை. "பெஸ்ட் என்னம்மா?" என்றார். சொன்னாள். "எந்த மீட்? ஹேண்ட் டைமிங்கா, எலக்ட்ரானிக்கா? மண் டிராக்கா, சிந்தெடிக்கா?" என்று வரிசையாகக் கேட்டார். நல்ல வேளை, அவளுடைய பள்ளிப் பி.இ.டி. டீச்சர் முதல் வருடத்திலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கச் சொல்லியிருந்தார். அதை எடுத்து நீட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கம் பக்கமாகப் படித்தார். அதற்குப் பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார்.

அந்த நோட்டில் தேதி, போட்டியின் பெயர், மைதானம், தரை (மண்ணா, சிந்தெடிக் என்கிற செயற்கைத் தரையா), ஹீட்ஸில் (தகுதிச் சுற்றில்) என்ன, ஃபைனலில் என்ன, எத்தனையாவது இடம், கையால் எடுத்த நேரமா மெஷின் நேரமா, இவ்வளவும் இருக்க வேண்டும்.

கையால் எடுக்கும் நேரம் எப்போதும் கொஞ்சம் நன்றாகவே தெரியும். துப்பாக்கிச் சத்தம் கேட்டு விரல் அழுத்துவதற்குள் ஓடுகிறவர் நகர்ந்துவிடுவார். அதனால் ஒப்பிடும்போது 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடியும், 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டிக்கொள்வார்கள். குறுவட்டத்தில் 11.0 ஓடிய பையன் மெஷினில் 11.24 என்றுதான் கணக்கு. இது தெரியாமல் "நான் லெவன் ஃபிளாட்" என்று சொல்லிவிட்டு டிரையல்ஸில் 11.3 ஓடினால், பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

காற்று இன்னொரு விஷயம். நம் ஊரில் ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் மேல்காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற வேகத்தில் முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளினால் நூறு மீட்டரில் யாருக்குமே டைமிங் வரும். 100, 200, நூறு மற்றும் நூற்றுப்பத்து மீட்டர் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றில் பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் சாதனைக் கணக்கில் சேராது. நம் முதலூர்க்காரர், நீளம் தாண்டுகிற ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2022-ல் கோழிக்கோடு ஃபெடரேஷன் கோப்பையில் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். காற்று அளவுக்கு மேல் இருந்ததால் தேசியச் சாதனை 8.36 தாண்டிய ஸ்ரீசங்கருக்குப் போனது. மறு வருடம் ஜெஸ்வின் முறையாகவே 8.42 தாண்டினார் என்பது வேறு கதை. பள்ளிப் போட்டிகளில் காற்றுமானி வைப்பது அபூர்வம். ஆகவே ஆடிக் காற்றில் வந்த டைமிங்கை மட்டும் நம்பிக் கல்லூரிக்குப் போகாதீர்கள்; மாநிலப் போட்டியில் மெஷினில் ஓடியதை முதலில் சொல்லுங்கள்.

எறிகிற பிள்ளைகளும் தடை தாண்டுகிற பிள்ளைகளும் எந்த எடை, எந்த உயரம் என்பதையும் எழுதுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் குண்டு 5 கிலோ, கல்லூரிப் போட்டியில் 7.26 கிலோ. இரண்டுக்கும் தூரம் மீட்டர் கணக்கில் வித்தியாசப்படும். கல்லூரி எடையிலும் எறிந்து பார்த்து, அந்தத் தூரத்தையும் சேர்த்துச் சொன்னால் மதிப்பார்கள்.

5. தாள்கள்

சான்றிதழில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து. பரிசளிப்பு நாளில் மேஜைக்குப் பின்னால் இருக்கும் தம்பி, சத்தத்துக்கு நடுவே நூறு சான்றிதழ் எழுதுவார். "எம்" என்றால் "என்" என்று காதில் விழும். வாங்கிய இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் அங்கேயே மாற்றி வாங்குங்கள். அன்றைக்கு ஐந்து நிமிட வேலை. ஆறு மாதம் கழித்து என்றால், நடத்திய அமைப்பின் செயலாளர் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே போக வேண்டும். அவர் பொறுப்பு மாறியிருந்தால் இன்னும் கஷ்டம். பெண் பிள்ளைகளுக்குச் சில இடங்களில் இனிஷியலே போடாமல் விட்டுவிடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். சரிபார்க்கிறவர்கள் பின்பக்கம் முத்திரை வைக்கவோ எழுதவோ வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வைத்தால் போதும். ஜெல் பேனாவில் எழுதியது ஈரம் பட்டால் அழிந்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே செல்போனில் நன்றாக ஸ்கேன் செய்து இமெயிலில் போட்டு வையுங்கள்.

அரசுக் கலந்தாய்வுக்குச் சான்றிதழ் மட்டும் போதாது. அதற்கென்று தனிப் படிவங்கள் இருக்கின்றன. போட்டியை நடத்திய சங்கமோ பள்ளிக் கல்வித்துறையோ அதில் கையெழுத்துப் போட்டு உறுதி செய்ய வேண்டும். எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை, இருந்தால் சீல் இல்லை, சீல் இருந்தால் பழைய ரெஜிஸ்டர் இல்லை. மே மாதத்தில் தமிழ்நாடு முழுவதும் உள்ள பிள்ளைகள் ஒரே கையெழுத்துக்கு நிற்பார்கள். ஆகவே போன வருடப் படிவத்தைப் பார்த்து, யார் யார் கையெழுத்து வேண்டும் என்று ஜனவரியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் படிவம் வெளியான அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தெந்தக் கல்வியாண்டுச் சான்றிதழ்கள் செல்லும் என்பது அந்த வருடக் கலந்தாய்வுக் கையேட்டில் இருக்கும். அதையும் வரி வரியாகப் படியுங்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள் (பதினொன்றுக்கு இருந்தால் அதுவும்), டி.சி., நன்னடத்தைச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பொறியியல் என்றால் முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். மே மாதம் கூட்டம் நெருக்கும், வி.ஏ.ஓ. ஆய்வு, ஆர்.ஐ. ஆய்வு என்று தாமதமாகும். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

6. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

ஒரு கல்லூரி ஏன் நமக்கு இலவசமாகப் படிப்புத் தருகிறது என்று யோசித்தால் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டியில் முதல் மூன்று இடங்களில் வந்து புள்ளி எடுக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான். ஆகவே அந்தப் போட்டியின் போன வருட முடிவுகளைத் தேடிப் பாருங்கள். மூன்றாமிடம் என்ன டைமிங், உங்களுடையது என்ன? பக்கத்தில் இருந்தால் தைரியமாகப் போய்க் கேட்கலாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அளவில் எளிதாக மூன்றாமிடம் வரக்கூடிய டைமிங், சென்னையின் பெரிய கல்லூரிகளில் அணியில் இடம் பிடிக்கப் போதாமல் போகலாம்.

இன்னொரு சூட்சுமம்: நூறு மீட்டருக்கு எல்லாக் கல்லூரியிலும் ஆள் இருப்பார்கள். போல்வால்ட் (கோலூன்றித் தாண்டுதல்), ஹேமர் (சம்மட்டி எறிதல்), தடை ஓட்டம், நடைப் போட்டி இவற்றுக்கு ஆள் குறைவு. நானூறு ஓடுகிறவர்கள் ரிலேவுக்கும் ஆவார்கள். உங்கள் பிள்ளைக்கு நானூறோடு நானூறு மீட்டர் தடை ஓட்டமும் வரும் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். எங்கள் பெண்ணுக்குக் கதவு திறந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் என்றால் பாளையங்கோட்டையிலேயே தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர், சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரிகள் இருக்கின்றன. பெண்களுக்கு ராணி அண்ணா அரசு கல்லூரியும் உண்டு. வீட்டிலிருந்தே போய் வரலாம், அம்மா கையால் சாப்பிடலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமே இல்லை. சென்னையில் லயோலா, எம்.சி.சி. (சென்னை கிறித்தவக் கல்லூரி), எத்திராஜ், எம்.ஓ.பி. வைஷ்ணவ் என்று பல. கர்நாடகத்தில் மூடபித்ரி ஆல்வாஸ் கல்லூரி தடகளத்துக்குப் பெயர் போனது. தூரமாகப் போகும் முன் அங்கே நம் ஆட்கள் யாராவது ஓடுகிறார்களா என்று விசாரித்து, அவர்களிடம் போனில் ஒரு மணி நேரம் பேசுங்கள். கோச் எப்படி, சாப்பாடு எப்படி, அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்பதை அவர்கள்தான் உண்மையாகச் சொல்வார்கள்.

உடற்கல்வி இயக்குநருக்கு முதலில் ஒரு பக்கக் கடிதம் போதும். பெயர், பிறந்த தேதி, பள்ளி, போட்டி, சிறந்த நேரம், எப்போது எங்கே, பத்தாம் வகுப்பு மார்க், எந்தப் படிப்பு வேண்டும், அப்பா அம்மா போன் நம்பர். ஓடிய வீடியோ இருந்தால் நல்லது. பாட்டு, ஸ்லோமோஷன் எதுவும் சேர்க்காமல் முழு ஓட்டமும் இருக்கட்டும். ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் போன் செய்யுங்கள், மாலையில் கிரவுண்டுக்கே நேரில் போங்கள். கிரவுண்டில் பார்த்தால் அவர்கள் பேசும் விதமே வேறு.

இடைத்தரகர்களுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். "சீட் வாங்கித் தர்றேன் அண்ணாச்சி, இருபதாயிரம் போதும்" என்று சொல்கிறவர் செய்யும் வேலையை நீங்களே ஒரு போன் காலில் செய்துவிடலாம்.

7. டிரையல்ஸ்

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் இறங்கி, நேராகக் கிரவுண்டுக்குப் போய் ஓட வைக்காதீர்கள். ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். ஸ்லீப்பர் டிக்கெட் ஆளுக்கு நானூறு ரூபாய் அளவில் ஆகும். தங்க, சாப்பிட, ஆட்டோ என்று எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு ஒரு தடவைக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரே வாரத்தில் வருகிற டிரையல்ஸ்களைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்தடுத்த நாள் ஓட வேண்டாம்.

சொந்த ஸ்பைக்ஸ் கொண்டு போங்கள், கடன் வாங்கியது வேண்டாம். உள்நாட்டுக் கம்பெனி ஸ்பைக்ஸ் 1,500 ரூபாய் அளவில் நல்லதே கிடைக்கும். ஆணிகளை இரண்டு செட் வைத்திருங்கள்: மண் டிராக்குக்கு நீளமானது, சிந்தெடிக்குக்கு ஆறேழு மில்லிமீட்டர். மண் டிராக் ஆணியோடு சிந்தெடிக்கில் ஏறினால் கால் மாட்டும், சில இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு அன்று மாதவிடாய் என்றால் கோச்சிடம் தயங்காமல் சொல்லலாம். வேறு நாள் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

8. சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்

"எல்லாம் ஃப்ரீ, கவலைப்படாதீங்க" என்று சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அவர் அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் உங்களிடம் என்ன இருக்கும்? ஆகவே கல்லூரி லெட்டர்பேடில், முதல்வர் அல்லது செயலாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அதில் என்னென்ன இருக்க வேண்டும்? எந்தெந்தக் கட்டணம் தள்ளுபடி என்பது தலைப்பு வாரியாக. தேர்வுக் கட்டணம், விடுதி முன்பணம், மெஸ் பில், ஆய்வகக் கட்டணம் இவைதான் பின்னால் எட்டிப் பார்க்கும். மூன்று வருடத்துக்குமா, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமா? புதுப்பிக்க என்ன நிபந்தனை, பதக்கமா, வருகைப்பதிவா, அரியர் இல்லாமல் இருப்பதா? காயம் பட்டு ஒரு சீசன் ஓட முடியாமல் போனால் என்ன? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண், இரண்டாம் வருடம் தொடைத்தசை கிழிந்து, ஸ்காலர்ஷிப்பும் போய், படிப்பையே விட்டுவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லியிருக்கிறது. டி.சி. கொடுக்கத்தான் வேண்டும். மதிப்பெண் பட்டியலையும் விளையாட்டுச் சான்றிதழ்களையும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

9. அரசுக் கலந்தாய்வையும் விடாதீர்கள்

கையில் ஒரு கல்லூரி இருந்தாலும் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2, ஆக 50 ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். பொறியியலுக்குப் பதிவு 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. ஆன்லைனில் நிரப்பும்போது "விளையாட்டு" என்ற சிறப்புப் பிரிவை அப்போதே தேர்வு செய்ய வேண்டும். கடைசித் தேதிக்குப் பிறகு போய் நானும் ஓட்டக்காரன் என்றால் எடுபடாது. பிரவுசிங் சென்டரில் நிரப்பினால் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள்.

10. பணத்துக்கு வேறு வழிகள்

மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான வீரர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வரும். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் போட்டிப் பயணம், உபகரணம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். பில்லை எல்லாம் பத்திரமாக வையுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப் பற்றியும் இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். வழி இருக்கிறது, ஆனால் குறுகலான வழி. அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வில் முதல் இரண்டு டிவிஷன்கள்தான் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருகின்றன. மூன்றாவது டிவிஷன் தருவதில்லை. முதல் டிவிஷனுக்குப் பள்ளிப் பாடங்களில் 16 முதன்மைப் பாடங்கள், ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண் புள்ளி) 2.3 வேண்டும். தடகளத்தில் முழு ஸ்காலர்ஷிப் கிடைப்பவர்கள் குறைவு. பாதி கிடைத்தாலும் மீதி டாலரில். பரிசுப் பணம் வாங்கிய விவரமும் கேட்பார்கள், முதலமைச்சர் கோப்பைப் பணம் உட்பட. பள்ளி முடித்து வருடக்கணக்கில் காத்திருந்தாலும் சிக்கல். தேசிய அளவில் முதல் வரிசையில் இருக்கும் பிள்ளை என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே திட்டமிடுங்கள். மற்றவர்கள் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து இதில் இறங்க வேண்டாம்.

11. சேர்ந்த முதல் மாதம்

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். போட்டிக்கும் முகாமுக்கும் போகிற நாள்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) உண்டு, ஆனால் தானாகப் பதிவாகாது. போகும் முன்பே உடற்கல்வித் துறையிடம் கடிதம் வாங்கி, வகுப்பு ஆசிரியரிடமும் துறைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். செமஸ்டர் முடிவில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். எங்கள் பெண் அறையில் கட்டிலுக்குக் கீழே இரண்டு ஃபைல் வைத்திருக்கிறாள், ஒன்று சான்றிதழுக்கு, ஒன்று ஓ.டி.க்கு. ஸ்காலர்ஷிப் புதுப்பிக்கிற மாதம் இரண்டையும் கேட்டார்கள்.